இரண்டாம் எழுத்தின் பேர் ஊர்

கிரான் செயலகத்தில் மூன்றாவது மேசை என்னுடையது.
மாட்டுக்குறிப் பதிவேடு, நீல அட்டை,
கரையான் தின்ற முதுகுக்குப் பிளாஸ்டர்.
உள்ளே முக்கோணங்கள், கவிழ்ந்த பிறைகள்,
ஒரு சூலம், ஒரு கண்.
குடிக்கொரு குறி, அதன் கீழே ஆளுக்கொரு தலைப்பெழுத்து.

மழைக்குள்ளால் வந்தாள் சின்னமணிப்பிள்ளை.
பாலம் முங்கி உழவு மெசினில் ஏறி வந்தாளாம்.
சொப்பிங் பையைத் திறந்து மேசையில் வைத்தாள்:
உப்புப் போட்ட தோல், ஒரு சாண் அகலம்.
"இதுதான்கா மிச்சம். குறியப் பாருங்க."

நிமிர்ந்த ஒரு கோடு.
வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்த இரண்டு கைகள்.
கன்றில் விரல் நீளம் சுட்டது
மாட்டோடு சேர்ந்து வளர்ந்து
என் உள்ளங்கையை இப்போது மூடுகிறது.
அவளும் என் குடிதான்.

ஐப்பசியில் யோகேந்திரன் ஒரு படம் அனுப்பியிருந்தான்,
ஒன்பது வருசத்துக்குப் பிறகு.
சுகமா என்று ஒரு சொல் இல்லை.
பேர்கனில் அவன் தரை துடைக்கும் அருங்காட்சியகம்,
கண்ணாடிக்குள் ஒரு மரத்துண்டு.
மூட்டையில் கட்டிய சீட்டாம்: இது இன்னானுடையது.
"முதல் எழுத்தப் பாரக்கா, எங்கட குறி மாதிரி.
அதுக்குப் பேர் மாடு. செல்வம் எண்டாலும் அதுதான்."

மாடு என்றால் செல்வம் என்று எழுதி
பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
அந்தச் செல்வத்தில் பதினாலை
ஏறாவூர் ஆதம்லெவ்வைக்கு விற்றுத்தான்
இவனை ஏற்றி அனுப்பக் கட்டினோம்.
பதினாலும் எனக்குச் சீதனமாய் நின்றவை.
லொறியில் ஏற்றும்போது அவன் எண்ணினான்.
நான் எண்ணவில்லை.

பதில் போடாமல் விட்டேன்.
மறுகா ஒரு நாள்:
"அந்த எழுத்துக்குப் பழைய பாட்டு ஒண்டிருக்கு.
செல்வம் சொந்தத்துக்குள்ள சண்டை மூட்டுமாம்."
அதற்கும் போடவில்லை.
மறுகா: "ஒரு தெய்வம் ஒன்பது இரவு மரத்தில தொங்கித்தான்
இந்த எழுத்தெல்லாம் எடுத்ததாம்."
மரத்தில் தொங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.
ஒருவரும் எழுத்தோடு இறங்கவில்லை.

ஆனால் கோடுகள் பற்றி யோசித்தேன், பஸ்ஸில்.
மரத்தில் கிடைக்கோடு இழுத்தால் நார் அதை விழுங்கிவிடும்,
அதுதான் அவர்கள் எழுத்தெல்லாம் சாய்ந்து நிற்கிறது.
ஓலையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும்,
அதுதான் நம்முடையது வளைந்து கிடக்கிறது என்பார்கள்.
தோல் எதையும் வாங்கிக்கொள்ளும்.

"இரண்டாம் எழுத்துக்குப் பேர் ஊர்."

எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன். கை தானாகப் போனது.

"நம்மட ஊர் இல்லக்கா, சத்தம் மட்டும்தான்.
ஒரு நாட்டுப் பாட்டில அது காட்டெருது.
ஒண்டில இரும்பில கழியிற கசடு.
மற்றதில தூறல்."
நீ எதை எடுத்தாய்?
"இங்க எந்த நாளும் தூறல்தான்."

நாற்றம் என்று பெரியவர் அறையிலிருந்து சத்தம் போட்டார்.
பக்கம் 212. குறி பொருந்துகிறது.
அதே பக்கத்தின் அடியில் எங்கள் பட்டி,
சிவப்பு மையால் குறுக்கே அடித்தபடி.
அடித்தது என் கையெழுத்து.

படிவத்தில் அடையாளம்: தெளிவு.
"வெடிபட்டுச் செத்தது எண்டு எழுதுங்க" என்றாள்.
நோய், வெள்ளம், விபத்து, வேறு.
நாலு கட்டம்தான் இருக்கிறது.
வேறு என்பதில் புள்ளடி போட்டேன்.
சாய்ந்த இரண்டு கோடுகள்,
மரத்திலும் நிற்கும்.

தோலைத் திருப்பித் தரச் சொன்னாள்.
பையை நெஞ்சோடு பிடித்துப் படியிறங்கினாள்.
உழவு மெசின்காரன் அவளைக் கேளாமல்
பாலப் பக்கம் திருப்பினான்.

இரவு அவனுக்கு எழுதினேன்:
குறிச்சூட்டு இரும்பு வீட்டுக் கூரைக்குள்ள கிடக்கு.
துரு ஏறிட்டு.
மூண்டாம் எழுத்து என்னடா?

வெகுநேரம் கழித்து வந்தது.
"முள். வேற நாட்டில பூதம்."

விளக்கை அணைத்தேன்.
உப்பு வாசம் விரலில் இருந்தது.